சிஆர்எம் வாங்கும் முன் டெக்னீஷியனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்

எங்கள் கடை கோயம்புத்தூரில். வீடுகளுக்கும் அபார்ட்மென்ட்களுக்கும் ஆர்.ஓ. (தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின்), சாஃப்ட்னர் (உப்புத் தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைப்பது) விற்கிறோம், சர்வீஸும் பார்க்கிறோம். இந்த ஊரில் இந்தத் தொழில் கொஞ்சம் விசித்திரமானது. சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் எங்களுக்கு வேலையே கிடையாது. அந்தத் தண்ணீருக்கு ஆர்.ஓ. எதற்கு என்று நாங்களே சொல்லி அனுப்பிவிடுவோம். அதே தெருவில் போர்வெல்லை நம்பியிருக்கும் அபார்ட்மென்டில் குழாய் முழுக்க வெள்ளை பூத்துக் கிடக்கும், ஹீட்டர் இரண்டு வருடம் தாங்காது. ஆக, ஒருவர் போன் செய்தால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "உங்க வீட்டுக்கு நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?" என்பதுதான். பெயரைக் கூட அப்புறம்தான் கேட்போம். இதை எதற்குச் சொல்கிறேன் என்பது கொஞ்சம் கீழே வரும்.

வெளிவேலை முழுக்க வீட்டுக்காரர். ஆபீஸ் நான். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து 11 பேர்: டெக்னீஷியன்கள் நால்வர், விற்பனைக்கு இருவர், போன் எடுக்க இரண்டு பெண்கள், கணக்குக்கு ஒருவர். வாடிக்கையாளர் விவரம், அவரோடு பேசியது, அடுத்து பேச வேண்டிய தேதி எல்லாம் பதிந்து வைக்கும் மென்பொருள்தான் சிஆர்எம். இதுவரை இரண்டு முறை வாங்கியிருக்கிறோம். முதலாவதில் ஒரு வருடப் பணம் அப்படியே போனது. இரண்டாவது மூன்றாம் வருடமாக ஓடுகிறது. அதனால் தொழில் வட்டாரத்தில் யாராவது, "அக்கா, எந்த சிஆர்எம் நல்லதுங்க?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். எந்த மோட்டார் நல்லது என்று கேட்டால், போர் எத்தனை அடி என்று திருப்பிக் கேட்க மாட்டோமா? அதேதான் இங்கேயும்.

முதலில் நாங்கள் ஏமாந்த கதை. அவிநாசி ரோட்டில் ஒரு ஹோட்டலில் கூட்டம் போட்டு டெமோ காட்டினார்கள். திரையில் கலர் கலராக வட்டம், பட்டை, மேலே ஏறும் கோடு. இந்த மாதம் எவ்வளவு வரும், அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்று அதுவே சொல்லுமாம். நான் அசந்துவிட்டேன். வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றதும் அங்கேயே கையெழுத்துப் போட்டேன். நான்காவது மாதம் பார்த்தால் அதில் தினமும் லாகின் செய்யும் ஒரே ஆள் நான்தான். ஒரு புதிய என்கொயரியைப் பதிய 20-க்கும் மேல் கட்டங்கள், பாதி கட்டாயம் நிரப்ப வேண்டியவை. மூத்த டெக்னீஷியன், என்னை விட 12 வயது பெரியவர், ஒரு நாள் நேராகவே கேட்டார்: "ஏம்மா, நான் மெம்பிரேன் கழட்டறதா, இதுல டைப் அடிச்சிட்டு உக்காந்திருக்கறதா?" (மெம்பிரேன் என்பது ஆர்.ஓ. மெஷினுக்குள் உப்பை வடிகட்டும் சவ்வு.) பதில் சொல்ல முடியவில்லை. தரவு உள்ளே போகாததால் அந்த அழகான வட்டமும் பட்டையும் வெறுமையாக நின்றன.

தப்பு மென்பொருளில் இல்லை. அறிக்கை பார்க்கிற ஆளான நான் தேர்ந்தெடுத்தேன்; பதிவு போடுகிற ஆளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டாவது முறை அப்படியே தலைகீழாகச் செய்தோம். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த இரண்டாவது முறையில் கற்றதுதான்.

ஒரு மாதம் நோட்டுப் புத்தகம்

எந்த மென்பொருளையும் பார்க்கும் முன், கோடு போட்ட ஒரு நோட்டு வாங்கி போன் பக்கத்தில் வையுங்கள். ஏழு பத்தி போதும்: தேதி, போன் நம்பர், எங்கிருந்து வந்தார், என்ன கேட்டார், யார் பேசினார், அடுத்து எப்போது பேச வேண்டும், கடைசியில் என்ன ஆனது. ஒரு மாதம் விடாமல் எழுதுங்கள். கடைக்கு நேரில் வருபவர், வாட்ஸ்அப்பில் வருபவர், இண்டியாமார்ட் வியாபாரத் தளத்தில் வருபவர், சொந்தக்காரர் சொல்லி வருபவர், எல்லாம் அதே நோட்டில்.

மாதக் கடைசியில் உட்கார்ந்து ஒரே ஒரு பத்தியைப் பாருங்கள்: "அடுத்து எப்போது பேச வேண்டும்". அதில் வெறுமையாக இருக்கும் வரிகள்தான் உங்கள் நஷ்டம். எங்கள் நோட்டில் அப்படி வெறுமையாக இருந்தவற்றில் பாதிக்கு மேல், இரவு எட்டு மணிக்கு மேல் வீட்டுக்காரரின் சொந்த வாட்ஸ்அப்புக்கு வந்தவை. அவர் "காலைல பேசறேங்க" என்று பதில் போட்டிருப்பார். காலையில் ஏதோ ஒரு அபார்ட்மென்ட் மொட்டை மாடியில் பைப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். அவ்வளவுதான்.

இந்த நோட்டு உங்களுக்கு இரண்டு விஷயம் சொல்லும். ஒன்று, ஓட்டை எங்கே இருக்கிறது என்பது. என்கொயரி வந்தும் யாரும் பேசவில்லையா, பேசியும் கொட்டேஷன் போகவில்லையா, கொட்டேஷன் போயும் திரும்பக் கேட்கவில்லையா, விற்ற பிறகு மறந்துவிட்டீர்களா? ஒவ்வொரு ஓட்டைக்கும் வேறு மென்பொருள். இரண்டாவது, உங்கள் ஆட்கள் ஏழு பத்தியையாவது எழுதுவார்களா என்பது. நோட்டில் எழுதாதவர் போனிலும் எழுத மாட்டார். ஒரு மாதத்தில் நோட்டே பழக்கமாகாவிட்டால் சிஆர்எம் வாங்கும் யோசனையை ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

விற்பனைக்கா, சர்வீஸுக்கா?

பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் இது. சிஆர்எம் என்று பொதுவாக விற்கப்படுவது விற்பனைக்கான மென்பொருள். 1987-ல் வந்த ஆக்ட் முதல், 1993-ல் தொடங்கிய சீபெல், 1999-ல் தொடங்கி இணையத்தில் வாடகைக்கு விட்ட சேல்ஸ்ஃபோர்ஸ் வரை, எல்லாமே அமெரிக்க விற்பனைப் பிரதிநிதிகளின் வேலை முறையை மனதில் வைத்துப் பிறந்தவை. லீட் (வாங்கக்கூடிய ஒருவரின் என்கொயரி) வரும், தகுதி பார்ப்பார்கள், விலை சொல்வார்கள், பேரம் பேசுவார்கள், கடைசியில் "வென்றாச்சு" அல்லது "போச்சு". அந்தக் கட்டத்துக்குக் கட்டம் நகர்வதைத்தான் பைப்லைன் என்கிறார்கள். நாங்கள் போடும் பைப்லைன் வேறு.

எங்கள் தொழிலில் "வென்றாச்சு" என்ற இடத்தில்தான் உறவே தொடங்குகிறது. செடிமென்ட் ஃபில்டரும் கார்பனும் ஆறு மாதமோ ஒரு வருடமோ, மெம்பிரேன் இரண்டு மூன்று வருடம். எல்லாம் தண்ணீரைப் பொறுத்தது. அப்புறம் ஏஎம்சி (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அந்தத் தேதியில் நாம் கூப்பிடாவிட்டால் பக்கத்துக் கடைக்காரன் கூப்பிடுவான். ஆக எங்களுக்கு வேண்டியது "இந்த டீல் எந்தக் கட்டத்தில்" என்பதை விட, "இந்த வீட்டில் இந்த மெஷினுக்கு அடுத்த தேதி எது" என்பது. லிஃப்ட், ஜெனரேட்டர், யுபிஎஸ், ஏசி, சோலார் ஹீட்டர், பூச்சி மருந்து அடிப்பவர்கள் என எல்லோருக்கும் இதே கதைதான்.

உங்கள் தொழில் இந்த மாதிரி என்றால் டெமோவில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "ஒரே வாடிக்கையாளர் பெயரில் மூன்று மெஷின், மூன்றுக்கும் மூன்று வேறு சர்வீஸ் தேதி. பதிந்து காட்டுங்கள்." காட்ட முடியாமல் "கஸ்டமைஸ் பண்ணிக்கலாம் மேடம்" என்றால், அந்த கஸ்டமைஸுக்கு எவ்வளவு, யார் செய்வார், எத்தனை நாள் என்று எழுத்தில் வாங்குங்கள். நான் முதல் முறை இதை வாய்வார்த்தையாக நம்பினேன்.

மாறாக, வீட்டுமனை விற்பவர், கோச்சிங் சென்டர் நடத்துபவர், மாடுலர் கிச்சன் செய்பவர் என்றால் உங்களுக்கு அந்தப் பைப்லைன்தான் உயிர். அங்கே லீட் வந்து எத்தனை நிமிடத்தில் முதல் போன் போகிறது என்பது முக்கியம். இண்டியாமார்ட் போன்ற இடங்களில் ஒரே என்கொயரி பல விற்பனையாளர்களுக்குப் போகும். அந்த லீட் தானாகவே சிஆர்எம்முக்குள் வந்து விழுந்து, ஒரு ஆளின் பெயரில் ஒதுக்கப்பட்டு, அவர் போனில் மணி அடிக்க வேண்டும். ஒருவர் அதைப் பார்த்துக் கையால் ஏற்றுவதாக இருந்தால் மென்பொருள் எதற்கு?

டெமோ நீங்கள் காட்டுங்கள்

அவர்கள் டெமோ எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். கல்யாணத் தரகர் கொண்டுவரும் போட்டோ மாதிரி. அதைப் பார்த்துவிட்டு, "சரிங்க, இப்ப எங்க நோட்டுல இருக்கற 40 வரியை நாங்களே ஏத்திப் பாக்கறோம், ட்ரையல் குடுங்க" என்று கேளுங்கள். பெரும்பாலும் 14, 15 நாள் இலவசமாகக் கொடுப்பார்கள், சிலர் ஒரு மாதம். அந்த நாட்களை வீணாக்காதீர்கள். ட்ரையல் தொடங்கும் தேதியை, பண்டிகை இல்லாத, ஆட்கள் லீவு போடாத வாரமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

ட்ரையலில் யாரை உட்கார வைப்பது? கம்ப்யூட்டர் நன்றாகத் தெரிந்த பையனை அல்ல. உங்களிடம் இருப்பவர்களில் இதை அதிகம் வெறுக்கப் போகிறவரை. நான் அந்த மூத்த டெக்னீஷியன் அண்ணனைத்தான் உட்கார வைத்தேன். மூன்று மென்பொருள்களை அவர் போனிலேயே போட்டுக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வேலை முடித்த குறிப்பைப் போடச் சொன்னேன். ஒன்றில் நாலு நிமிடம் ஆனது. ஒன்றில் பாதியில் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மூன்றாவதில் குறிப்புக் கட்டத்தைத் தொட்டதும் கீபோர்டில் மைக் இருந்தது. கூகுளின் ஜிபோர்டு கீபோர்டில் தமிழ் வைத்திருந்தால் பேசினாலே தமிழில் எழுதிவிடும் என்று காட்டினேன். "கார்பன் மாத்தியாச்சு, டிடிஎஸ் எழுபது, அடுத்த தடவை மெம்பிரேன் பாக்கோணும்" என்றார் (டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு). எழுத்து வந்து விழுந்தது. அரை நிமிடம். அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்தபோதே மென்பொருளை முடிவு செய்துவிட்டேன் என்று சொன்னால் மிகை இல்லை. (மைக் கீபோர்டுடையது, மென்பொருளுடையது அல்ல. மற்ற இரண்டிலும் அந்தக் கட்டத்துக்குப் போய்ச் சேரவே ஆறேழு தொடுதல் ஆனது, அதுதான் வித்தியாசம்.)

அடுத்து, நெட் இல்லாத இடம். அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் சாஃப்ட்னர் வைத்திருப்பார்கள். அங்கே ஒரு புள்ளி கூட சிக்னல் வராது. போனை ஏரோபிளேன் மோடில் போட்டு ஒரு குறிப்பைச் சேமித்துப் பாருங்கள். வெளியே வந்ததும் தானாக ஏறினால் சரி. காணாமல் போனால் அந்த மென்பொருள் உங்கள் வெளி ஆட்களுக்கு ஆகாது.

பெயரில் வரும் வம்பு

இது நம் ஊர்ப் பிரச்சினை, எந்தக் கையேட்டிலும் நான் பார்க்கவில்லை. பல சிஆர்எம்களில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். கடைசிப் பெயர் கட்டாயம், முதல் பெயர் விருப்பம். நமக்கு ஏது கடைசிப் பெயர்? போன் எடுக்கும் பெண்கள் அங்கே இனிஷியலைப் போட்டார்கள். தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பினோம். "அன்புள்ள கே அவர்களுக்கு" என்று நூற்றுக்கணக்கான பேருக்குப் போனது. ஒரு பெரியவர் போன் செய்து, "ஏம்மா, என் பேரு மறந்து போச்சா?" என்றார். இப்போது எங்கள் விதி: முழுப் பெயரும் கடைசிப் பெயர் கட்டத்தில், முதல் பெயர் காலி.

அப்புறம் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டும் விதம். சண்முகம் என்பதை ஒருவர் ஒரு மாதிரி எழுதுவார், இன்னொருவர் வேறு மாதிரி. பெயரை வைத்துத் தேடினால் ஒரே ஆள் மூன்று முறை இருப்பார். ஆகவே எங்களுக்குப் பெயர் அடையாளம் இல்லை, போன் நம்பர்தான் அடையாளம். ட்ரையலில் இதைக் கட்டாயம் சோதியுங்கள்: ஒரே நம்பரை ஒரு முறை வெறும் 10 இலக்கமாக, ஒரு முறை முன்னால் சுழியத்தோடு, ஒரு முறை +91 போட்டு, நடுவில் இடைவெளி விட்டு ஏற்றிப் பாருங்கள். "இந்த நம்பர் ஏற்கெனவே இருக்கிறது" என்று தடுக்க வேண்டும். தடுக்காவிட்டால் ஆறு மாதத்தில் குப்பை சேரும்.

முகவரியும் அப்படித்தான். கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம் போட்டாலும் டெக்னீஷியன் போன் செய்து, "பிள்ளையார் கோவில் தாண்டி எந்தச் சந்துங்க?" என்றுதான் கேட்பார். அடையாளத்துக்கு ஒரு கட்டமும், மேப் லொக்கேஷனைச் சேமிக்க ஒரு கட்டமும் வேண்டும். இப்படி நாமே கட்டம் சேர்ப்பதை கஸ்டம் ஃபீல்டு என்பார்கள். இலவசத் திட்டங்களிலும் மலிவுத் திட்டங்களிலும் இதற்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு இருக்கலாம். எத்தனை என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அள்ளிச் சேர்க்காதீர்கள். நாங்கள் சேர்த்தவை நான்கே: அடையாளம், தண்ணீர் எது (சிறுவாணி, போர், லாரி, கலந்தது), டிடிஎஸ், மெஷின் போட்ட தேதி. தண்ணீர் எது என்ற அந்த ஒரு கட்டம்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. போர் தண்ணீர் வீடுகளை மட்டும் பிரித்தெடுத்து, கோடை தொடங்கும் முன், "மெம்பிரேன் பார்த்துக்கலாமா?" என்று கேட்க முடிகிறது. உங்கள் தொழிலிலும் பெயருக்கு முன்னால் நீங்கள் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கும். அது என்ன என்று கண்டுபிடியுங்கள். அதற்கு ஒரு கட்டம், தேடும் வசதியோடு.

வாட்ஸ்அப்

"வாட்ஸ்அப் இருக்குங்களா?" என்று கேட்டால் எல்லா விற்பனையாளரும் "இருக்கு" என்றுதான் சொல்வார். அதில் மூன்று விதம் உண்டு. ஒன்று, நம்பரைத் தொட்டால் போனில் வாட்ஸ்அப் திறக்கும், அவ்வளவுதான். பேசியது எதுவும் பதிவாகாது. இரண்டாவது, போனில் இலவசமாகக் கிடைக்கும் வாட்ஸ்அப் பிசினஸ் ஆப். அதில் லேபிள் போடலாம், பிராட்காஸ்ட் போடலாம். ஆனால் ஒரு பட்டியலில் 256 பேர்தான், அதுவும் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். மூன்றாவது, ஏபிஐ (இரண்டு மென்பொருள்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வழி) மூலம் சிஆர்எம்மோடு இணைப்பது. இதில்தான் எல்லாப் பேச்சும் வாடிக்கையாளர் பக்கத்தில் வந்து சேரும், பலர் ஒரே நம்பரிலிருந்து பதில் சொல்லலாம். ஆனால் நீங்களாக அனுப்பும் செய்திக்கு முன்கூட்டியே டெம்ப்ளேட் (செய்தியின் மாதிரி வாசகம்) அனுமதி வாங்க வேண்டும், கட்டணமும் உண்டு. வாடிக்கையாளர் செய்தி அனுப்பினால் அதிலிருந்து 24 மணி நேரம் வரை இயல்பாக எழுதலாம்.

கேட்க வேண்டியது: இந்தக் கட்டணத்தை நேராகக் கட்டுகிறோமா, நடுவில் ஒரு நிறுவனம் கமிஷன் வைக்கிறதா? போர்டிலும் வண்டியிலும் எழுதியிருக்கும் நம் பழைய நம்பரையே பயன்படுத்த முடியுமா, அதன் பிறகும் போனில் உள்ள ஆப் வேலை செய்யுமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்காமல் நம்பரைக் கொடுக்க வேண்டாம்.

எஸ்எம்எஸ் அனுப்ப நினைத்தால் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி, அனுப்புபவர் யார் என்று பதிய வேண்டிய டிஎல்டி பதிவு, டெம்ப்ளேட் பதிவு எல்லாம் தனி வேலை. நாங்கள் எஸ்எம்எஸ்ஸை விட்டுவிட்டோம்.

பணம்

விலைப் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது ஒரு ஆளுக்கு, ஒரு மாதத்துக்கு, அதுவும் வருடக் கட்டணமாகக் கட்டினால். ஒரு ஆளுக்கு 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எங்களுக்கு ஒன்பது பேர் வேண்டும். மாதம் 7,200, வருடம் 86,400, ஜிஎஸ்டி 18 சதவீதம் 15,552. மொத்தம் 1,01,952. "வெறும் எண்ணூறு ரூபாய்" என்று வாய் கூசாமல் சொன்னவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். ஜிஎஸ்டியை இன்புட்டாக (நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்து) எடுத்துக்கொள்ளலாம், ஆனால் சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அது கிடையாது. டாலரில் பில் போடும் வெளிநாட்டு மென்பொருள் என்றால் ரிவர்ஸ் சார்ஜ் (விற்றவருக்குப் பதில் நாமே ஜிஎஸ்டி கட்டுவது) வருமா என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ரூபாய் விழுந்தால் உங்கள் செலவு ஏறும் என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

இதோடு அமைத்துக் கொடுக்கும் கூலி, பழைய தரவை ஏற்றும் கூலி, வாட்ஸ்அப் செலவு. எல்லோருக்கும் முழு லைசென்ஸ் வேண்டுமா என்றும் யோசியுங்கள். கணக்கருக்கு நாங்கள் வாங்கவில்லை. அவருக்கு வேண்டியது டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கிறது. அதைச் சொல்லும்போது நினைவு வருகிறது: கணக்கு டேலியில் என்றால், "டேலியோடு சேருமா" என்று கேட்டால் போதாது. எது எங்கிருந்து எங்கே போகிறது என்று கேளுங்கள். பாக்கித் தொகை மட்டும் சிஆர்எம்மில் தெரிந்தால் எங்களுக்குப் போதும். பழைய பாக்கி வைத்தவரிடம் ஏஎம்சி பேசும் பெண்ணுக்கு அது தெரிய வேண்டும், அவ்வளவே.

சரி, எது?

பெயர் சொல்லாமல் விடமாட்டீர்கள். நான் எதற்கும் ஏஜென்ட் இல்லை, அதை மட்டும் மனதில் வையுங்கள்.

மூன்று பேர் வரை உள்ள கடை என்றால் ஜோஹோ சிஆர்எம்மின் இலவசத் திட்டம் மூன்று பேருக்குக் கிடைக்கிறது. அதில் தொடங்கிப் பார்க்கலாம். 1996-ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கிய நிறுவனம், சிஆர்எம் 2005-ல் வந்தது. அதே வீட்டிலிருந்து 2020-ல் வந்த பிகின் சிறு வியாபாரத்துக்கென்றே சுருக்கிச் செய்தது. பெரிய சிஆர்எம்மின் வசதிகளைப் பார்த்து மலைப்பவர்களுக்கு அது தோது. 2010-ல் சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க்காகத் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ், விற்பனைக்கு ஃப்ரெஷ்சேல்ஸ் வைத்திருக்கிறது. புகார் வந்தால் டிக்கெட் போட்டு முடிக்கும் வேலைதான் உங்களிடம் அதிகம் என்றால் அவர்களுடைய ஃப்ரெஷ்டெஸ்க்கைப் பாருங்கள். வெப்சைட் வழியாகவும் மெயில் வழியாகவும் ஆட்கள் வருகிற தொழிலுக்கு ஹப்ஸ்பாட். ஆனால் இலவசத்தில் பழகி, மேல் திட்டத்துக்கு ஏறும்போது விலை எவ்வளவு தாவுகிறது என்று முதலிலேயே பாருங்கள். சேல்ஸ்ஃபோர்ஸ் எங்கள் அளவு கடைக்கு டவுன் பஸ் ரூட்டில் வால்வோ விடுவது போல. நூறு விற்பனை ஆட்கள், தனி ஐடி ஆள் உள்ள இடத்தில் அது நன்றாக ஓடும்.

ஸ்டாக், பில், விற்பனை எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும், கூடவே ஒரு கம்ப்யூட்டர் ஆள் கைவசம் இருக்கிறார் என்றால் ஓடூ, இஆர்பிநெக்ஸ்ட் போன்ற ஓப்பன் சோர்ஸ் (நிரலே வெளிப்படையாகக் கிடைக்கும் மென்பொருள்) வழி உண்டு. லைசென்ஸ் மிச்சமாகும், சர்வரும் பராமரிப்பும் உங்கள் தலையில். அந்த ஆள் வேலையை விட்டுப் போனால் என்ன செய்வீர்கள் என்பதற்குப் பதில் இருந்தால் மட்டும் போங்கள்.

எதை எடுத்தாலும் பணம் கட்டும் முன், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் சப்போர்ட்டுக்கு ஒரு சின்னச் சந்தேகத்தோடு போன் செய்யுங்கள். எடுக்கிறார்களா, தமிழில் பேச ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். நான் அப்படி முயன்ற இரண்டு இடங்களில் ஒன்றில் திங்கட்கிழமைதான் பதில் வந்தது.

உள்ளே போகும் முன் வெளியே வரும் வழி

ட்ரையலில் ஏற்றிய 40 பேரையும் ஒரே கோப்பாக வெளியே எடுத்துப் பாருங்கள். பெயரும் நம்பரும் மட்டும் வந்தால் போதாது. குறிப்புகள், இணைத்த போட்டோக்கள், தேதிகள் வருகின்றனவா? எங்கள் முதல் மென்பொருளிலிருந்து நம்பர்கள் வந்தன, ஒரு வருடக் குறிப்புகள் வரவில்லை.

அட்மின் கணக்கு நிறுவனத்தின் மெயிலில் இருக்கட்டும். அமைத்துக் கொடுத்த பையனின் சொந்த மெயிலில் வேண்டவே வேண்டாம். போன் எடுப்பவர்களுக்கும் விற்பனைக்காரர்களுக்கும் மொத்தமாக எக்ஸ்போர்ட் செய்யும் உரிமையை எடுத்துவிடுங்கள். விற்பனைக்காரரின் சிம் கம்பெனி பெயரில் இருக்க வேண்டும். எங்களிடம் ஒருவர் விலகியபோது அவர் நம்பரோடு பாதி வாடிக்கையாளர்களும் போனார்கள். அவரைக் குறை சொல்லி என்ன பயன், சிம் அவருடையது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போட இடம் இருக்கிறது. நம் கடைக்கு அவ்வளவு வராது என்று சிரிக்கலாம். ஆனால் வாடிக்கையாளரின் நம்பரை எதற்கு வாங்குகிறோம் என்று சொல்லி வாங்குவதும், வேண்டாம் என்றவரின் பெயரை எடுத்துவிடுவதும் மென்பொருளில் முடிகிறதா என்று பாருங்கள்.

ஆடியில் மாறுங்கள்

எங்களுக்குக் கோடையில் மூச்சு விட நேரம் இருக்காது. மாற்றத்தை ஆடியில் வைத்துக்கொண்டோம். புது வீடு புகுபவர்கள் குறைவு, போனும் குறைவு. பழைய எக்செல்லில் 1,460 வரிகள் இருந்தன. ஒரே நம்பர் திரும்ப வந்தது, ஊரை விட்டுப் போனவர், ஒன்பது இலக்கம் மட்டும் உள்ள நம்பர் என்று கழித்ததில் 1,112 நின்றது. இரண்டு பெண்களும் நானும் மூன்று வாரம் மதியங்களில் உட்கார்ந்து செய்தோம். இதை விற்பனையாளரிடம் விடாதீர்கள். குப்பையை அப்படியே உள்ளே ஏற்றிக் கொடுத்துவிட்டுப் பில் போடுவார்கள்.

முதல் மாதம் விற்பனைக்காரர்களும் போன் எடுக்கும் பெண்களும் மட்டும். இரண்டாவது மாதம் ஒரே ஒரு டெக்னீஷியன், அந்த அண்ணன். மூன்றாவது மாதம் மற்ற மூவருக்கும் சொல்லிக் கொடுத்தது அவர்தான், நானில்லை. அவர் சொன்னால் அவர்கள் தட்டமாட்டார்கள். நோட்டுப் புத்தகத்தை அன்றே பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். இரண்டும் மேஜையில் இருந்தால் கை நோட்டுக்குத்தான் போகும். திங்கட்கிழமை காலை பதினைந்து நிமிடக் கூட்டத்தில் ஒரே ஒரு பட்டியலைத் திறப்போம்: அடுத்த தேதி போடாத வாடிக்கையாளர்கள். யார் பெயரில் எத்தனை என்று அதுவே காட்டும். திட்டுவதில்லை. அங்கேயே தேதி போட வைப்போம்.

ஒரு சின்ன விஷயம் விட்டுப்போனது. பல சந்தாக்கள் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். கார்டில் பணம் போன பிறகுதான் தெரியும். அதனால் இந்த மென்பொருள் நிறுவனத்தையே எங்கள் சிஆர்எம்மில் ஒரு வாடிக்கையாளராகப் பதிந்து, புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்னால் ஃபாலோ-அப் போட்டு வைத்திருக்கிறேன். தண்ணீர் எது என்ற கட்டத்தில் போன் எடுக்கும் பெண் ஒருத்தி "லாரி" என்று போட்டிருக்கிறாள்.